சொர்ணத்துக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி

ஜனவரி 5

இயற்பியல் நடத்தியே காலத்தை ஓட்டியவள் நான். எதையும் நோக்கத்தில் தொடங்கினால்தான் கை ஓடும்.

நோக்கம்: சொர்ணத்துக்கு விடைபெறும் பரிசாக ஒரு வீடியோ கேம் பெட்டி செய்து கொடுத்தல்.

பொருட்காட்சிகளில் முன்பு ஆள் உயரத்துக்கு நிற்கும். மேலே திரை இருக்கும், கீழே ஒரு கைப்பிடியும் நாலைந்து பட்டன்களும். நின்றுகொண்டே ஆட வேண்டும். அந்த மாதிரிப் பெட்டி.

சொர்ணம் எங்கள் பள்ளியில் டிரில் டீச்சர். நான் ஓய்வு பெற்ற அதே வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். வீடு பக்கத்துத் தெருவில். தினமும் காலையில் பாளையங்கோட்டை மைதானத்தைச் சுற்றி இருவரும் நடப்போம். பிறகு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் போனில் பாறை சுடும் ஆட்டம் ஆடுவாள். மேலிருந்து பாறைகள் விழும், கீழே ஒரு விண்கலம் இடமும் வலமும் நகர்ந்து சுடும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அவள் கட்டைவிரலால் குத்துகிற குத்தில் இது மூன்றாவது போன்.

இன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். பூனாவில் மகன் நெல்லையப்பன் வீடு வாங்கியிருக்கிறான். அம்மாவுக்கென்று தனி அறை ஒதுக்கி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டான். மார்ச் முதல் வாரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறான். இனி அங்கேதான்.

நல்ல விஷயம் என்றேன். நல்ல விஷயம்தானே.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "அந்தக் காலத்துல பொருட்காட்சில ஒரு பெட்டி கெடந்துச்சுல்லா, கைப்பிடிய புடிச்சு ஆட்டுத மாதிரி? அது ஒண்ணு இருந்தா பூனா என்ன, எங்க வேணும்னாலும் இருந்துருவேன்."

அதனால்தான் இந்த முடிவு. அவள் அங்கே சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜனவரி 6

நடக்கப் போகவில்லை. கால் வலி.

ஜனவரி 9

வீடியோக்கள் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, கைப்பிடி, பட்டன்கள், திரை, இவற்றை வைக்க ஒரு மரப்பெட்டி. பயப்பட ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அழைப்பு மணிச் சுற்று சொல்லிக் கொடுப்போமே, பட்டனும் அதேதான். அழுத்தினால் சுற்று மூடும், விட்டால் திறக்கும். போர்டும் மற்ற சாமான்களும் சென்னைக் கடையில் சொல்லிவிட்டேன்.

சொர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "மார்ச்சுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றாள். அவசரம் போலிருக்கிறது. முடித்துவிடலாம் என்று தைரியம் சொன்னேன்.

ஜனவரி 13

மரம் பற்றி முடிவெடுத்தேன். வீடியோவில் எல்லோரும் மெல்லிய பிளைவுட்டில் செய்கிறார்கள். எனக்குச் சரிப்படவில்லை. உதாரணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் ஒரு அம்மியையும் எடுத்துக்கொள்வோம். எதைத் தட்டினால் விழும்?

பள்ளி ஆய்வகத்தில் கழித்துக் கட்டிய தேக்கு மேசையை ஏலத்தில் எடுத்துப் பின்கட்டில் போட்டிருந்தேன். அமிலம் கொட்டியும் அசராத மரம். அதை அறுக்க மூக்காண்டி ஆசாரியை வரச் சொன்னேன். அவர் மேசையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 20

பெட்டியின் உடல் நின்றுவிட்டது. மூக்காண்டி ஆசாரி எல்லாவற்றுக்கும் ஸ்குரூ போடலாம் என்றார். வேண்டியபோது கழற்றி நாலு துண்டாக எடுத்துக்கொண்டு போகலாமாம். நான் வேண்டாம் என்றேன். ஸ்குரூ நாளடைவில் தளரும். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு பெஞ்சுகள் ஸ்குரூ போட்டவை. வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கீழே விழும். ஒன்பதாம் வகுப்பு பெஞ்சுகள் பசை போட்டு ஆணி அடித்தவை, இன்றும் நிற்கின்றன. பசையும் ஆணியுமே போடச் சொன்னேன்.

"டீச்சரம்மா, பூனாவுக்குப் போற சாமான்னுதான சொன்னீங்க?" என்று கேட்டார்.

ஆமாம், அதற்கென்ன என்றேன். அவர் சுத்தியலை எடுத்தார். ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசல் வழியாகப் போகுமா என்று அளந்து பார்த்தேன். போகும்.

ஜனவரி 24

கூரியர் வந்தது. பட்டன்கள் மிட்டாய் நிறத்தில் இருக்கின்றன. கைப்பிடி மட்டும் ஒன்று கேட்டதற்கு இரண்டு அனுப்பியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பவில்லை. இரண்டாவது ஆளும் ஆடலாம்.

பூனாவில் யாராவது இருப்பார்கள்.

ஜனவரி 28

திரை விஷயம். தட்டைத் திரை ஒன்று வாங்கினால் புத்தகம் போல லேசாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் பரணில் என் பழைய டிவி இருக்கிறது. பின்னால் பானை வயிறு துருத்திய, பிக்சர் டியூப் வைத்த டிவி. பொருட்காட்சிப் பெட்டியில் இருந்ததும் அதுதான். ஒரு பொருளை நினைவுபடுத்த வேண்டுமென்றால் அதேபோல் இருக்க வேண்டாமா? மெழுகு மாம்பழத்தைக் காட்டி மாம்பழம் நடத்த முடியுமா?

அதை இறக்க மூக்காண்டி ஆசாரியும் எதிர் வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தார்கள். வயிறு பெட்டிக்குள் அடங்கவில்லை. பின்பக்கம் ஒரு கூனல் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. பெட்டி இப்போது சுமை தூக்குகிறவர் போல நிற்கிறது.

மறுபடி வாசலை அளந்தேன். போகும், கதவைக் கழற்றினால்.

பிப்ரவரி 1

போர்டில் அந்தப் பாறை சுடும் ஆட்டத்தை ஏற்றி டிவியோடு இணைத்தேன். படம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஸ்பீக்கரில் வண்டு பறப்பது போல ஓர் இரைச்சல்.

பிப்ரவரி 2

அதே வண்டு.

பிப்ரவரி 3

கண்டுபிடித்துவிட்டேன். வயரின் ஒரு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலைகள். டிவியிலும் அதே மூன்று நிறத்தில் துளைகள். மஞ்சளை மஞ்சளில், சிவப்பைச் சிவப்பில் செருகினேன். யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்த வயர் வேறொரு கருவிக்காகச் செய்தது. இதில் படம் சிவப்பு வழியாக வருகிறது. அதாவது நான் படத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டு அது கத்துகிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சிவப்பைப் பிடுங்கி மஞ்சள் துளையில் செருகியதும் திரையில் விண்வெளி வந்தது.

நிறத்தோடு நிறத்தைச் சேர்க்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருப்பேன். மதியம் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

பிப்ரவரி 8

இன்று பட்டன் பலகைக்கு வயர் இணைத்தேன். பெட்டிக்குள் குனிய முடியாததால் தரையில் மல்லாந்து படுத்து, பலகையைக் கீழிருந்து பார்த்து ஒவ்வொன்றாக முடுக்கினேன். முடித்தபோது கழுத்து எனக்குச் சொந்தமில்லை.

மூக்காண்டி ஆசாரி முதலில் ஆடிப் பார்த்தார். விண்கலம் பாறையை விட்டு விலகாமல் பாறையைத் தேடிப் போய் மோதியது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகிறது. கீழிருந்து பார்த்ததால் இடம் வலமாகிவிட்டது. எளிய தவறு. பிள்ளைகள் கண்ணாடி பார்த்துப் படம் வரைந்தால் வருமே, அதே தவறு.

நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சொர்ணம் வந்துவிட்டாள். நான் சொல்வதற்குள் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு பாறைகூட அவளைத் தொடவில்லை. மூக்காண்டி ஆசாரி வாயைப் பிளந்து நின்றார். தலைகீழாக இருக்கிறதே, தெரியவில்லையா என்று கேட்டேன்.

"எது தலகீழு? நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து பிள்ளேளுக்கு எதிர்லதான நின்னேன்? லெப்ட்டுன்னு சொல்லிட்டு ரைட் கையத் தூக்குவேன். அதுவொ என்னப் பாத்து லெப்ட்டத் தூக்கும். இதுதான் எனக்கு நேரு. நீ கை வச்ச, பாத்துக்கோ."

கை வைக்கவில்லை.

அவள் ஆடுகிறபோது பார்க்க வேண்டும். மைதானத்தில் விசில் ஊதும் அதே முகம். அவளுக்கு மூட்டு வலி வந்ததிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. போகும்போது மட்டும் பெட்டியை மேலும் கீழும் பார்த்து, தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். அது அசையவில்லை. "ம்" என்றாள். கனமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 12

சொர்ணம் வீட்டில் சாமான் கட்டும் வேலை. ஒத்தாசைக்குப் போனேன். டிரங்குப் பெட்டியில் புடவைகளை நான் அடுக்குவேன், அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வெளியே வைப்பாள். பெட்டி நிறையவே இல்லை. வயதானால் இப்படித்தான், முடிவெடுக்கச் சிரமப்படுவார்கள்.

அவளுடைய இரும்புக் குண்டுகள் நாலு, கட்டிலடியில் கிடந்தன. குண்டெறியப் பிள்ளைகளைப் பழக்குவதற்காக அவளே வாங்கியவை. இவற்றை யாருக்குக் கொடுக்க என்று கேட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் கைப்பிடியைக் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுக்கிறாள். பெட்டி ஆடாமல் நிற்க அடியில் கனம் வேண்டும். தலையாட்டி பொம்மை ஏன் கவிழ்வதில்லை? அடியில் இருக்கும் களிமண்ணால்தான்.

பிப்ரவரி 13

குண்டுகள் ஆட்டத்தின்போது பெட்டிக்குள் உருள்கின்றன. விண்வெளியில் இடி இடிக்கிறது. விண்வெளியில் காற்று இல்லாததால் ஒலி பரவாது என்று எவ்வளவோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14

குண்டுகள் உருளாமல் இருக்கச் சுற்றிலும் மணல் மூட்டைகள் வைத்தேன்.

பிப்ரவரி 19

வேலை முடிந்தது என்றே சொல்ல வேண்டும். சாயம் அடித்தாயிற்று. என்றாலும் ஆடும்போது காப்பி டம்ளர் வைக்க ஓர் இடம் இல்லாதது குறை. சமையலறை கட்டியபோது மிஞ்சிய கடப்பா கல் ஒன்று இருந்தது. அதைப் பக்கவாட்டில் பதித்தேன். மரத்தில் வைத்தால் டம்ளர் வட்டம் விழும்.

மூக்காண்டி ஆசாரி, "இத வச்சு இனி வீடு கட்டலாம்" என்றார். நல்ல மனிதர், பேச்சுத்தான் கொஞ்சம் குத்தல்.

பிப்ரவரி 25

சொர்ணம் தினமும் காலையில் நடந்ததும் நேராக இங்கே வந்துவிடுகிறாள். இரண்டாவது கைப்பிடியில் நான் ஆடுகிறேன். அதையும் தலைகீழாகவே இணைத்திருப்பதால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். இன்று தோற்றபோது, "ஒனக்கு டிரில் ஒத்திகைன்னா எப்பவும் காச்சலு, இப்ப அனுபவி" என்றாள். பள்ளி ஆண்டு விழா ஒத்திகைகளில் நான் ஒளிந்துகொண்டது உண்மைதான்.

மார்ச் வருகிறது. பூனாவில் வெயில் அதிகமில்லை என்று செய்தித்தாளில் பார்த்தேன். அவளிடம் சொன்னேன். அவள் பாறைகளைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 1

நெல்லையப்பன் வந்துவிட்டான். கட்டடம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். அம்மாவின் உயரம், அம்மாவின் தோள். வந்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பெட்டியைப் பார்த்து அசந்து நின்றான். ஆடியும் பார்த்தான். முதல் பாறையிலேயே போய்விட்டான். அம்மா சிரித்த சிரிப்பில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டு ஹால்ல வச்சா ஜோரா இருக்கும் அத்தை" என்றான்.

மஞ்சள் அறையைப் போனில் காட்டினான். ஜன்னல் பெரிதாக இருக்கிறது. அம்மா கைக்கு எட்டும்படி சுவிட்சுகளைத் தாழ்த்தி வைத்திருக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளை யாருக்குக் கிடைக்கும். சொர்ணம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2

காலையில் சாமான் ஏற்றுகிற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் டேப்போடு வந்தார். சொர்ணம் வீட்டை முடித்துவிட்டு, கடைசியாக நெல்லையப்பனோடும் சொர்ணத்தோடும் இங்கே வந்தார். பெட்டியைத் தட்டினார். சாய்த்துப் பார்த்தார், சாயவில்லை. சுற்றி வந்தார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அஞ்சு பேரு வந்தா போதும் சார். இதவிடப் பெரிய லாக்கரெல்லாம் ஏத்தியிருக்கோம்" என்றார்.

நல்ல செய்தி. நெல்லையப்பன் முன்பணம் கொடுக்க அவரோடு போனான். நான் மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

சொர்ணம் திரும்பி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏளா ஹெப்சி, இத இன்னும் கொஞ்சம் கனமாக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டேன்.

"அஞ்சு பேரு தூக்கிருவானுவளாம்லா."

தூக்கத்தானே வருகிறார்கள் என்றேன்.

"நீ நெசமாவே தெரியாமத்தான் இருக்கியா, இல்ல நடிக்கியா? ஊரவிட்டுப் போறவளுக்கு ஆராவது தேக்கு, குண்டு, மணலு, கல்லுன்னு போட்டுப் பெட்டி செய்வாளா? வாரா வாரம் கனம் கூடுது, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சரி, என்னால சொல்ல முடியாதத இந்தப் பெட்டி சொல்லிரும்னு பேசாம இருந்தேன்."

புவியீர்ப்பு மையம் கீழே இருந்தால்தான் ஒரு பொருள் நிலையாக நிற்கும் என்று விளக்கத் தொடங்கினேன். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். ஒரு மைதானத்தையே நிறுத்திய கை அது. நானும் நின்றுவிட்டேன்.

"அந்தப் பய ஆசயா ரூமு போட்டு வச்சிருக்கான். சுவிச்செல்லாம் தாழ வச்சிருக்கான். வேண்டாம்னு எந்த வாயால சொல்லுவேன்? பெட்டி வரமாட்டேங்கு, இத விட்டுட்டு நான் எப்படி வரன்னாவது சொல்லலாம்லா."

இது முறையில்லை, பெற்ற பிள்ளையிடம் நேராகச் சொல்வதுதான் சரி என்று ஆசிரியையாக எடுத்துச் சொல்ல நினைத்தேன். உதாரணத்துக்கு, என்று ஆரம்பித்தேன். உதாரணம் எதுவும் வரவில்லை. அவளும் காத்திருந்து பார்த்தாள். எழுந்து செருப்பை மாட்டினேன். தெருமுனைக் கடையில் சிமெண்ட் சில்லறையாகக் கிடைக்கும்.

பெட்டியின் அடிப்பக்கக் கதவைத் திறந்து, மணல் மூட்டைகளைப் பிரித்து, குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் கலவை போட்டோம். இருவரும் சேலையைச் செருகிக்கொண்டோம். அவள் கரண்டியால் கிண்டினாள், நான் தண்ணீர் ஊற்றினேன். கட்டியாக இருக்கிறது என்று நானும், நீர்த்துவிட்டது என்று அவளும் சண்டை போட்டோம். குண்டுகள் பாதி மூழ்கும் அளவுக்குக் கொட்டியிருப்போம். அப்போது கதவு திறந்தது. தாழ்ப்பாள் போடவில்லை.

நெல்லையப்பன் நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் கையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், பெட்டியின் அடியைப் பார்த்தான். சொர்ணம் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கலவை அவள் சேலையில் வழிந்தது. தலையாட்டி பொம்மையை உதாரணமாக வைத்து நான் ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

அவன் முகத்தில் வருத்தம் இல்லை என்று எழுத முடியாது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் குந்தினான்.

"தண்ணி ஜாஸ்தி அத்தை. இப்படிப் போட்டா வெடிச்சிரும். ஜல்லி இருக்கா?"

பூந்தொட்டி ஓரத்தில் கிடந்த கூழாங்கற்களை அள்ளிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் கையை நீட்டினான். அவள் கரண்டியைக் கொடுத்தாள். கலவையைத் திருத்தி, கற்களைப் பரப்பி, மேலே ஊற்றிச் சமமாக இழுத்துத் தேய்த்தான். நாங்கள் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: "ஏம்மா, ஒரு போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பெயிண்டு அடிச்சிட்டியேடா" என்றாள் சொர்ணம்.

"பெயிண்டு கெடக்கட்டும். லீவுக்கு வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ. அத்தையும் வரட்டும்."

அவள் அவன் தலைமேல் கை வைத்தாள். சிமெண்ட் கை. அவன் முடியெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாடு மூவருக்கும் இங்கேதான். நல்ல பசி.

மார்ச் 3

நெல்லையப்பன் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்தான். தர மாட்டார்களாம். டேப்போடு வந்த அந்த ஆள் மட்டும் மாலையில் தேடி வந்து பெட்டியை மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, இப்போது எட்டுப் பேர் வேண்டும் என்றார். யாரும் கேட்காமலே.

மார்ச் 4

நெல்லையப்பன் ரயில் ஏறிவிட்டான். போவதற்கு முன் கான்கிரீட்டின்மேல் ஈரச் சாக்கைப் பரப்பி, மேலே இருக்கும் வயர்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்: சாக்கு காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு என்று அவன் சொல்ல மறந்துவிட்டான். சொர்ணம் இரண்டு வேளையும் செம்போடு வருகிறாள். தெளித்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று ஆடத் தொடங்கிவிடுகிறாள்.

ஒரு வாரம் போதும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.